நின்றுபோன ஸ்போர்ட்ஸ் காரைக் குறைந்த பணத்தில் மீட்பது: எதற்கு முதலில், எதற்குக் கடைசியில் செலவழிப்பது

நான்கு ஆண்டுகள் உறைக்குள் மூடிக் கிடந்த ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வாங்கி, மறுபடி சாலையில் ஓட வைக்க எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. ஆறு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்ற நினைப்பில்தான் இறங்கினேன். வேலை கடினமாக இருந்ததால் தாமதமாகவில்லை. செய்த வரிசை தவறாக இருந்ததால் தாமதமானது. முதல் மாதத்தில் இருக்கை உறையும் பாலிஷ் மெஷினும் வாங்கியவன், ஐந்தாம் மாதத்தில் டயர் வாங்கப் பணமில்லாமல் நின்றேன். அந்த வரிசையைத் திருத்தி, இன்று மறுபடி தொடங்கினால் எப்படிச் செய்வேனோ அப்படியே கீழே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரைப் பற்றியவை, ஏனெனில் என் கையில் கறை படிந்தது அதில்தான். உங்களுடையது வேறு காராக இருந்தாலும், அந்தக் காலத்துப் பெட்ரோல் இரு இருக்கைக் காராக இருக்குமானால் இந்த வரிசை பொருந்தும்.

1. காரைப் பார்க்கப் போகுமுன் பணத்தைப் பங்கு பிரியுங்கள்

கையில் இருக்கும் மொத்தப் பணத்தை நூறு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். காரின் விலை அதில் நாற்பதைத் தாண்டக் கூடாது. ஆவணங்களுக்கும் காப்பீட்டுக்கும் ஐந்து, டயருக்கும் பிரேக்குக்கும் இருபது, டைமிங் பெல்ட் (கிராங்க் ஷாஃப்டோடு வால்வுகளையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் ரப்பர் பட்டை), கூலிங், எண்ணெய், ஃபில்டர் ஆகியவற்றுக்குப் பதினைந்து என்று ஒதுக்கினால் மீதி இருபது பங்கு நிற்கும். அந்த இருபதை எதற்கென்று இப்போது முடிவு செய்யாதீர்கள். அதைக் கேட்டு வாங்கும் பழுது எப்படியும் தானாக வந்து சேரும்.

இந்தக் கணக்கில் பெயின்ட், அலாய் வீல், ஸ்டியரிங், ஆடியோ எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். கார் ஓடத் தொடங்கிய பிறகு மிஞ்சும் பணம் அவற்றுக்குப் போகட்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் விழும் குழி ஒன்று உண்டு. ‘ஓடாத கார்’ என்று பாதி விலைக்கு ஒன்றும், ‘ஓடுகிறது, ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது’ என்று சற்றுக் கூடுதல் விலைக்கு ஒன்றும் கிடைத்தால், மனம் முதலாவதைத்தான் நாடும். இரண்டாவதையே வாங்குங்கள். ஓடாத காரில் என்னென்ன கெட்டிருக்கிறது என்பதை, விற்பவர் உண்மையே பேசினாலும், அவரால்கூடச் சொல்ல முடியாது.

2. பணம் கொடுக்குமுன் ஆவணங்களை முடியுங்கள்

எனக்கு மிக நீண்ட காத்திருப்பு இங்கேதான் நேர்ந்தது. பதிவுச் சான்றில் இருந்த சேஸிஸ் எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. முன்பு எப்போதோ யாரோ நகலெடுத்தபோது நேர்ந்த எழுத்துப்பிழை. காரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். திருத்துவதற்கு முன்னாள் உரிமையாளரின் கையெழுத்து வேண்டியிருந்தது, அவரோ அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். பதினொரு வாரங்கள் வீணாயின.

ஆகவே காரின் அருகில் நின்றுகொண்டே இவற்றைச் சரிபாருங்கள். சேஸிஸ் எண்ணைப் பதிவுச் சான்றுடன் ஒவ்வோர் இலக்கமாக, வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். எண் பொறித்த தகட்டை மட்டும் நம்பாமல், உடலிலேயே பொறிக்கப்பட்ட எண்ணையும் தேடிப் பாருங்கள். இன்ஜின் எண் சான்றில் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜினை மாற்றியிருப்பது அரிதல்ல, மாற்றியது பதிவாகவில்லை என்றால் சிக்கல் உங்களுடையதாகிவிடும். விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். கார் மீது கடன் நிலுவை இல்லை என்பதற்குக் கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்து மூலமான சான்று கேளுங்கள். ‘அதெல்லாம் எப்போதோ கட்டி முடித்தாயிற்று’ என்ற வாய்ச்சொல் போதாது. நீண்ட நாள் நின்ற காருக்கு வரி, பதிவுப் புதுப்பித்தல், தகுதிச் சோதனை ஆகியவற்றில் நிலுவையும் அபராதமும் சேர்ந்திருக்கலாம். அந்தத் தொகையை உரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் ஒரு தாள் விடாமல் கேட்டு வாங்குங்கள். டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற ஒரே ஒரு வரி, பின்னால் ஒரு பெரிய செலவை மிச்சமாக்கும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, காரை வாங்குமுன்பே விலை விசாரித்துவிடுங்கள். பல காப்பீட்டு நிறுவனங்கள் இரு இருக்கைக் காருக்கும் அனுபவம் குறைந்த ஓட்டுநருக்கும் கூடுதலாகக் கேட்கும். என் கணக்கில் நான் அடியோடு மறந்திருந்தது இதைத்தான்.

3. துருவைப் பாருங்கள், பெயின்டைப் பார்க்காதீர்கள்

இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். துரு தின்ற உடலைச் சரிசெய்வதற்கு ஆகும் வெல்டிங் கூலி, குறைந்த பணத்தில் காரை மீட்கும் திட்டம் முழுவதையும் விழுங்கிவிடும். துணிக் கூரை கொண்ட எம்எக்ஸ்-5 காரில் துரு தொடங்கும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அந்தக் குழாய் இலைச் சருகால் அடைத்துக்கொண்டால், நீர் கதவுக்குக் கீழே ஓடும் உள்ளீடற்ற சில் பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கிறது. வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே அது உள்ளங்கை அளவு பரவியிருக்கும்.

பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், சில் முடியும் இடத்தில் முழங்காலிட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை அதே இடத்தில் வைத்தும் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் தகட்டுக்குப் பதில் பட்டி பூசியிருக்கிறார்கள். நான் பார்த்த முதல் கார் பளபளவென்று இருந்தது. காந்தத்தைக் கொண்டுபோனதும் அது நழுவிக் கீழே விழுந்தது. ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி வந்தேன்.

டிக்கியையும் திறந்து பாருங்கள். இந்தக் காரில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. அதற்கென வந்தது சீல் செய்யப்பட்ட, வாயுவை வெளியேற்றும் குழாயுள்ள பேட்டரி. விலை குறைவென்று யாராவது சாதாரண அமில பேட்டரியை வைத்திருந்தால், கசிந்த அமிலம் அடியில் உள்ள தகட்டை அரித்திருக்கும்.

4. இன்ஜினின் உடல்நிலையை அளந்து பாருங்கள்

சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரை இரவல் வாங்கியாவது கொண்டு போங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெயை விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. உயரவில்லை என்றால் வால்வோ கேஸ்கெட்டோ கெட்டிருக்கிறது. நெடுநாள் நின்ற காரில் ரிங் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் தேறுவதும் உண்டு. வால்வு அப்படித் தேறுவது குறைவு.

1989 முதல் 1991-இன் தொடக்கம் வரை வந்த 1.6 லிட்டர் இன்ஜின்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அவற்றில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது; அங்குள்ள போல்ட்டைச் சரியான முறுக்கில் இறுக்காமல் விட்டிருந்தால், புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்காடி தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். முன்புல்லியின் முகப்பில் நான்கு துளைப்பள்ளங்கள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் நீள முனை. குட்டை முனை என்பதற்காகக் காரை விட்டுவிட வேண்டியதில்லை, இன்ஜின் ஓடும்போது புல்லி தள்ளாடாமல் சுற்றினால் போதும்.

இன்ஜினின் மேல்பகுதியில் கேட்கும் ‘டிக் டிக்’ ஓசையைக் கண்டு அஞ்ச வேண்டாம். இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தமே சரிசெய்துகொள்கிறது. பழைய எண்ணெயில் அது ஓசையெழுப்பும், புதிய எண்ணெயில் பெரும்பாலும் அடங்கிவிடும். விலை பேசும்போது மட்டும் அந்த ஓசையை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

5. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள்

காரைக் கொண்டுவந்த அன்றே சாவியைத் திருப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். திருப்பாதீர்கள். தொட்டியில் உள்ள பழைய பெட்ரோல் வார்னிஷ் போல நாறினால், அதை முழுவதும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றி, பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றுங்கள். இந்த வேலையைத் திறந்த வெளியில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். என் பெட்டிக்குள் ஓர் எலிக்குடும்பம் பழைய துணிப்பஞ்சில் அழகான கூடு கட்டியிருந்தது. அதை உறிஞ்சியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எலி இருந்த இடத்தில் வயர்களையும் கடித்திருக்கும் என்பதால், கைக்கு எட்டும் வயர்களை எல்லாம் தடவிப் பாருங்கள்.

பிறகு எண்ணெயையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக் துளைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, முன்புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இறுகி நின்றால் வலிந்து சுற்றாமல், ஏன் என்று கண்டுபிடியுங்கள். தடையில்லாமல் சுற்றினால், பெட்ரோலையும் பற்றவைப்பையும் துண்டித்துவிட்டு, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் வீதம் விட்டுவிட்டு இயக்குங்கள். ஆயில் அழுத்தம் ஏறியது தெரிந்த பிறகுதான் பிளக்குகளைப் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

காருக்கு அடியில் போகும் எந்த வேலைக்கும் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளில் பாரத்தை இறக்கி, உடலைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். கருவிகளில் எதைக் குறைத்தாலும் ஸ்டாண்டிலும் டார்க் ரெஞ்சிலும் (போல்ட்டைக் குறித்த முறுக்கில் இறுக்கும் கருவி) குறைக்காதீர்கள்.

6. ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்: பிரேக், டயர், கிளட்ச்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போல, நான் கடைசிவரை தள்ளிப்போட்டது இதைத்தான். முதல் சோதனை ஓட்டத்தில், இரண்டு கிலோமீட்டர் போனதும் வலது பின்சக்கரத்திலிருந்து புகை வந்தது. பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து, பேடை விடாமல் கவ்வியிருந்தது. அந்த ஓட்டத்தோடு புது டிஸ்க்கும் பேடும் வீணாயின. முதலிலேயே காலிப்பரைப் பிரித்திருந்தால் ஒரு சீல் கிட் செலவோடு முடிந்திருக்கும்.

நான்கு காலிப்பர்களையும் பிரித்து, பிஸ்டனும் நழுவு பின்களும் இலகுவாக அசைகின்றனவா என்று பாருங்கள். பிரேக் திரவத்தை முழுவதும் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் அதற்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு 155 பாகைதான். நான்கு ஆண்டு நின்ற காரில் எது இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரேக் திரவத்திலிருந்து காற்று எடுக்கும் நிப்பிள்கள் துருப்பிடித்திருந்தால், துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே அடித்து ஊறவிட்டு, பொருத்தமான ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள். அவசரத்தில் ஒன்று முறிந்தால் ஒரு வாரம் போகும். பிரேக் திரவம் பெயின்டைத் தின்றுவிடும் என்பதால் சிந்திய இடத்தை உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள், அது எப்போது செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். தரையைத் தொடும் பகுதி தேயாமல் முழுதாக இருந்தாலும், பத்து ஆண்டைத் தாண்டிய டயரையும் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயரையும் மாற்றியே ஆக வேண்டும். முதல் எம்எக்ஸ்-5 காரின் டயர் அளவு 185/60 ஆர்14. சிறிய சக்கரம் என்பதால் டயரின் விலையும் அடக்கம்தான். பெரிய அலாய் வீல் ஆசையைத் தள்ளிப்போட இதுவும் ஒரு காரணம்.

கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு கியர் விழவில்லை என்றால், கிளட்ச் தட்டே போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலின் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் பாகம்) ரப்பர் உறையை விரலால் நகர்த்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிவது அதுதான். விலை குறைந்த பாகம், அரை நாள் வேலை.

7. பெல்ட், கூலிங்: ரசீது இல்லையென்றால் மாற்றுங்கள்

டைமிங் பெல்ட்டை ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் ரப்பர் வயதாலும் கெடும். எனவே மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாது. வழியில் நிற்பதோடு போகும். வேறு பல இன்ஜின்களில் அது இன்ஜினையே முடித்துவிடும், ஆகவே உங்கள் இன்ஜின் எந்த வகை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் ஸ்டார்ட்டைச் செய்யுங்கள்.

பெல்ட்டைப் பிரிக்கும்போது வாட்டர் பம்ப், டென்ஷனர், முன்பக்க ஆயில் சீல்கள் எல்லாம் கண்முன்னே வந்து நிற்கும். அவற்றையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றப்போனால் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். ரேடியேட்டரின் மேல்பகுதியில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பாக மாறியிருந்தால், வெடிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். ஹோஸ்களை அழுத்திப் பார்த்து, மொறுமொறுவென்று இருப்பவற்றையும் மாவு போல இளகியவற்றையும் மாற்றுங்கள். மாற்றும்வரை வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

8. கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் கழற்ற விடாதீர்கள்

என் காரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டியது. கொண்டுபோன பணிமனையில், கிராங்கின் பின்சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். சொன்ன கூலி காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அன்று சம்மதித்துத் தலையாட்டாமல் வந்ததுதான் இந்த ஏழு மாதங்களில் நான் செய்த உருப்படியான காரியம். வீட்டில் இன்ஜினின் பின்பகுதியைக் கழுவித் துடைத்து, டால்கம் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டேன். பவுடரில் ஈரக்கோடு விழுந்த இடம் சிலிண்டர் தலையின் பின்முனையில் இருந்த கேம் சென்சார். அதன் அடியில் உள்ள ஓ-ரிங், பத்துக் காசு அகலமுள்ள ரப்பர் வளையம், கல்லாய் இறுகியிருந்தது. அங்கிருந்து கசிந்த எண்ணெய் பின்பக்கமாக வழிந்து, சீல் கசிவதைப் போல ஏமாற்றியிருக்கிறது. அந்தச் சென்சாரைக் கழற்றுமுன், அது இருந்த நிலையை ஒரு கோடு கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். நிலை மாறினால் பற்றவைப்பு நேரம் மாறிவிடும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய கார் வேலைக்கென்றே சொன்னது போல இருக்கும். பாகத்தின் விலையைக் கேட்பதோடு நிற்காமல், கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

மின்சாரத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சமே. மல்டிமீட்டரில் முழுச் சார்ஜுள்ள பேட்டரி நிற்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு அருகிலும் காட்ட வேண்டும். ஒரு விளக்கு எரியவில்லை என்றால் புதிய பாகம் வாங்குமுன் எர்த் இணைப்பைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிப் பாருங்கள்.

9. முதல் 500 கிலோமீட்டர்

தகுதிச் சோதனைக்கு நேரம் வாங்கும்போது, வேலை முடியும் என்று நீங்கள் நம்பும் நாளிலிருந்து மூன்று வாரம் தள்ளி வாங்குங்கள். பாகங்களை ஒவ்வொன்றாக வாங்காமல், பிரித்துப் பார்த்து முழுப் பட்டியல் போட்ட பிறகு ஒரே முறையில் வாங்கினால் அனுப்பும் கூலியும் காத்திருப்பும் குறையும். ஒரு போல்ட்டுக்காக இரண்டு வாரம் கார் ஸ்டாண்டின் மேல் நின்ற அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு.

பதிவும் காப்பீடும் கைக்கு வந்த பிறகு, முதல் நாளில் வீட்டைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டுபோய், தொடாமல் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறுத்திய இடத்தில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், மறுநாள் காலை எது சொட்டுகிறது என்பது நிறத்தோடு தெரியும். நூறு கிலோமீட்டரில் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி இறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் எண்ணெயை இன்னொரு முறை மாற்றுங்கள். நின்ற இன்ஜினுக்குள் இருந்த கசடெல்லாம் அந்த எண்ணெயில்தான் கரைந்து வரும். என் காரிலிருந்து இறங்கியது தார் போல இருந்தது, ‘டிக் டிக்’ ஓசையும் அதோடு நின்றது. அதன் பிறகு சக்கரக் கோணங்களைச் சீரமைத்து, மழைக்காலம் தொடங்குமுன் கூரையின் வடிகுழாய்கள் இரண்டிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது காருக்கு அடியில் வந்து விழுகிறதா என்று குனிந்து பாருங்கள்.